நீல வில்லை

முப்பத்தெட்டு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து இருநூற்றுப் பதினைந்து ரூபாய். என் பெண்சாதி மாடத்தி, உப்பளக் கம்பெனிக்குத் தர வேண்டிய கடன் அது. அவள் யாரிடமும் கைநீட்டி வாங்கவில்லை. நிழலில் உட்கார்ந்தாள். அதற்காக வந்த கடன்.

தொகையை அவள் கையில் கிடந்த காப்புதான் சொன்னது. காப்பு என்றால் நகை இல்லை. கம்பெனி எங்கள் எல்லோர் மணிக்கட்டிலும் மாட்டிவிட்டிருக்கும் கறுப்புப் பட்டை. கணக்குச் சொல்ல மட்டும் வாய் திறந்து பேசும். பெண் குரல், கனிவாகத்தான் இருக்கும். அன்றைக்குச் சம்பளத்தைச் சொன்ன அதே மூச்சில் கடனையும் சொன்னது.

மாடத்தி உப்பு வாரும் பலகையைப் பிடித்தபடி நின்றாள். "என்ன சொல்லுது இது? முப்பத்தெட்டு ரூவாயா?"

நான் அவள் கையைத் திருப்பித் திரையில் ஓடுவதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நான் எழுத்துப் பழகியதே நாற்பது வயதுக்குப் பிறகுதான். எண் முன்பே தெரியும், ஆனால் இத்தனை இலக்கத்தை எங்கள் பெயருக்கு நேராகப் பார்த்ததில்லை. விரல் வைத்து இரண்டு தடவை எண்ணினேன்.

"லட்சம்டீ" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடன் ஒரு மாதத்தில் தீராவிட்டால் ஈட்டு முகாமில் உழைத்துக் கழிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வடக்கே எங்கோ வெள்ளைப் பாலை, கண்ணுக்கு எட்டியவரை உப்புத் தரை, கொட்டகை கிடையாது. போன வருஷம் எங்கள் பாத்திகளிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுபோனார்கள். அவர்களைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை.

மாடத்திக்குக் கிட்னி இரண்டும் பாதி போய்விட்டது. உப்பளத்தில் இது அதிசயமான நோய் இல்லை. தூத்துக்குடி ஆஸ்பத்திரி டாக்டர் மருந்துச் சீட்டைக் கொடுத்துவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னார்: "தண்ணி, நிழல். இந்த ரெண்டும் இருந்தா ஓட்டிரலாம்." வெயில் நாற்பத்தெட்டைத் தாண்டும் ஊரில் அவர் சொன்ன மருந்து அது. முகாமுக்குப் போனால் அவள் ஒரு மாதம் தாங்க மாட்டாள். அவளுக்கும் தெரியும். சிரித்து முடித்தபின் பலகையைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள்.

*

இழப்பீட்டுச் சட்டம் வந்தபின் எந்த நஷ்டமும் அனாதையாகக் கிடக்கக் கூடாது என்றாகிவிட்டது. உப்பு கரைந்தாலும் அழுக்கேறினாலும் யாரால் என்று கண்டுபிடித்து அவர் தலையில் எழுத வேண்டும். முன்பு அந்த வேலையைக் கங்காணி தங்கப்பழம் வாயாலேயே செய்துகொண்டிருந்தார். இப்போது ஒரு இயந்திரம் செய்கிறது. அதற்குக் காரணி என்று பெயர். எங்கே இருக்கிறது என்று எங்களில் யாரும் பார்த்ததில்லை. பாத்திகளைச் சுற்றி நிற்கும் கேமராக் கோபுரங்கள் அதன் கண், எங்கள் காப்புகள் அதன் காது என்று சொல்லிக்கொள்வோம். பெண் குரலாக இருந்ததால் அவள், இவள் என்றுதான் பேசுவோம். "காரணி பாத்துக்கிட்டிருக்கா, சோம்பேறி மாதிரி நிக்காதல."

குளிர்க்கொட்டகை கட்டிக் கொடுத்ததும் அவள் சொல்லித்தான். அதில் பத்துப் பேருக்குத்தான் இடம். நாங்கள் நாற்பது பேர். காலையில் வாசல் பெட்டியில் உள்ளங்கையை வைத்தால் டொக்கென்று ஒரு வில்லை விழும். நீலம் என்றால் உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் கொட்டகை. வெள்ளை என்றால் பாத்தியிலேயே கிடக்க வேண்டியதுதான். யாருக்கு என்ன விழும் என்பதில் கங்காணிக்குக் கூடக் கை கிடையாது.

முதல் வாரமே நாங்கள் வில்லையை மாற்ற ஆரம்பித்துவிட்டோம். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. உடம்புக்கு முடியாதவர் தன் தூக்குவாளியை, நீலம் விழுந்தவரின் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கீழே வைப்பார். அவ்வளவுதான். நேரம் வரும்போது நீல வில்லை தூக்குவாளிக்குள் கிடக்கும். எனக்கு முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் கங்காணி காதுக்குப் போகும், நாளைக்கு வேலைக்கு வராதே என்பார். தூக்குவாளி பேசாது.

இப்படித்தான் அந்தப் பருவம் முழுவதும் மாடத்திக்கு நிழல் கிடைத்தது. அதிகமாகக் கொடுத்தது எஸ்தர். இருபத்தாறு வயது, பெற்றவர்களும் இல்லை, கட்டியவனும் இல்லை. வாயாடி. தனக்கு நீலம் விழுந்தால் தானே வந்து மாடத்தியின் தூக்குவாளியில் போட்டுவிட்டு, "மதினி, சீமாட்டி, போயி ஏசியில உக்காருங்க, நான் ஒங்க வீட்டுக்காரரப் பாத்துக்கிடுதேன்" என்பாள். மாடத்தி உப்புக் கட்டியை எடுத்து எறிவாள்.

வில்லை ஒரு பரிசு என்று நாங்கள் நினைத்தோம். பரிசை யாரும் யாருக்கும் கொடுக்கலாம் இல்லையா? அது ஒரு அளவுகோல் என்று எங்களிடம் ஒருத்தரும் சொல்லவில்லை.

*

துறைமுகச் சாலையில் ஈட்டுத் தாவா அலுவலகம் இருந்தது. நானும் மாடத்தியும் போனோம். எஸ்தர் தானாக வந்து பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். "அண்ணாச்சி, நீரு பேசுனா முகாமுக்கு மூணு டிக்கெட் போட்டுருவாவ. நான் பேசுதேன்."

தாவா அலுவலர் ஜெசிந்தா பர்னாந்து. எங்கள் ஊர்க்காரர்தான், முப்பது வயதைத் தாண்டியிருக்காது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மாடத்தியின் காப்பை மேசைமேல் இருந்த தட்டில் வைக்கச் சொல்லி, வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணக்குல கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

நான் காப்பு மாட்டிய கையை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்ப ஒரு மணி நேரம் உக்காந்ததுக்கு நாப்பதாயிரம் ரூவா உப்பு கரைஞ்சிருக்கா?" என்றாள் எஸ்தர். "மதினி உக்காந்தா கடலே வத்திரும் போலிருக்கே."

அவர் சிரிக்கவில்லை. "சொல்றேன் கேளுங்க. வில்லை விழுந்தவங்க ஒரு கூட்டம், விழாதவங்க ஒரு கூட்டம்னு காரணி ரெண்டாப் பிரிச்சுப் பார்க்கிறா. பருவம் முடிஞ்சு பாத்தா, நீலம் விழுந்தவங்க பாத்தியில உப்பு நஷ்டம் ஆளுக்கு ஒரு கூடை அதிகம். சரியா? அடுத்து, இந்தக் கூட்டம் அந்தக் கூட்டத்தைவிட எவ்வளவு நேரம் கூட நிழல்ல இருந்துச்சுன்னு பார்க்கிறா. ஒரு மணி நேரம் கூட இருந்திருந்தா, ஒரு மணிக்கு ஒரு கூடைன்னு கணக்கு."

"சரி" என்றாள் எஸ்தர்.

"ஆனா நீங்கதான் வில்லையை மாத்திக்கிட்டீங்களே. நீலம் விழுந்தவங்களும் வெள்ளை விழுந்தவங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் நிழல்ல இருந்திருக்காங்க. வித்தியாசம் ஒரு நிமிஷம். அப்ப ஒரு நிமிஷத்துக்கு ஒரு கூடைன்னு ஆயிடுது. ஒரு மணிக்கு அறுபது கூடை. அக்கா எத்தனையோ மணி நேரம் உக்காந்திருக்காங்க. பெருக்கிக்கிட்டே போனா லட்சத்துல போய் நிக்குது."

"அந்த ஒரு கூடை நெசமாவே நாங்க செஞ்ச நஷ்டமா?" என்று நான் கேட்டேன்.

"இல்லண்ணே. காத்து, ஈரம், மேடு பள்ளம். சும்மா விழுந்தது. அடுத்த பருவம் அது எதிர்ப்பக்கம் விழலாம். அப்ப இதே காரணி, கம்பெனிதான் அக்காவுக்கு முப்பத்தெட்டு லட்சம் தரணும்னு சொல்லுவா."

"அப்படி மட்டும் அவ சொல்லிருவாளாக்கும்" என்றாள் எஸ்தர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரு உக்காந்தா, யாரு உக்காரலன்னு காப்புக்கே தெரியும். அத வச்சு நேரா ஒப்பிட்டாப் போச்சு. இந்தக் குலுக்கல் எதுக்கும்மா?"

"உக்காருறது யாரு? உடம்புக்கு முடியாதவங்க. அவங்க பாத்தி எப்பவும் பின்தங்கித்தான் இருக்கும். நேரா ஒப்பிட்டா நோய் செஞ்ச நஷ்டமெல்லாம் நிழல் மேல விழுந்துரும். பெட்டிக்கு யாரு நோயாளின்னு தெரியாது. அதனாலதான் பெட்டி. நாங்க அதைக் கருவின்னு சொல்லுவோம். ஆழம் பார்க்கக் கம்பு விடுறோம்ல, அது மாதிரி. உங்க கம்பு வலுவே இல்லாம வளைஞ்சு கெடக்கு. அத வச்சுப் பாத்தா கிணறு முழங்கால் ஆழம்னும் சொல்லலாம், பாதாளம்னும் சொல்லலாம்."

"உண்மையான பதில் என்ன மேடம்?" என்று மாடத்தி கேட்டாள்.

"தெரியாது. அதுதான் உண்மையான பதில்." அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "ஆனா சட்டத்துல தெரியாதுன்னு எழுத இடம் விடலை. ஒரு எண் எழுதியாகணும்."

பிறகு அவரே சொன்னார். "என்னால ஒண்ணு செய்ய முடியும். கருவி வலுவில்லைன்னு எழுதி மறு அளவீடு கேக்கலாம். மூணு வாரம். நாப்பது பேர் கடனும் அதுவரை நிறுத்தி வைக்கப்படும். அந்த மூணு வாரமும் யாருக்கு நீலம் விழுந்ததோ அவங்களே உக்காரணும். மாத்தக் கூடாது."

"ஒண்ணு ரெண்டு மாத்திக்கிட்டா?" என்றாள் எஸ்தர்.

"ஒண்ணு ரெண்டோட உங்களால நிறுத்த முடியுமா?"

எஸ்தரே முடியாது என்று தலையாட்டினாள்.

"இவளுக்குத் தொடர்ந்து வெள்ளையா விழுந்தா என்ன செய்ய?" என்று நான் கேட்டேன்.

"நாலு நாளைக்கு ஒரு நாள் நீலம் விழும்ணே. சராசரியா."

"சராசரி என் கிட்னிக்குத் தெரியாதேம்மா" என்றாள் மாடத்தி. எஸ்தர் மட்டும் சிரித்தாள். அதற்குப் பிறகு மாடத்தி எழுந்து, "எழுதுங்க. முகாமுல ஒரு நாளும் விழாது. இங்க நாலுல ஒண்ணாவது விழும்" என்றாள்.

*

நாற்பது பேருக்கும் கடன் இருந்தது. எனக்கு ஒரு லட்சத்துச் சொச்சம், மூன்று மணி நேரம் உட்கார்ந்ததற்கு. எஸ்தருக்கு நாற்பதாயிரத்துச் சொச்சம். பருவம் முழுவதிலும் அவள் கொட்டகைக்குள் போனது ஒரே ஒரு தடவை, காய்ச்சல் அடித்த அன்று. மறு அளவீடு என்றதும் எல்லோரும் சம்மதித்தார்கள். ஆனாலும் உப்பு அம்பாரத்து ஓரத்தில் கூடி நின்றபோது பெரியவர் ஒருவர், "மாடத்திக்கு மட்டும் விட்டுக் குடுப்போமே, ஒரு ஆளால என்ன வந்துரப் போகுது" என்றார்.

"எனக்குக் குடுத்தா நாளைக்கு ஒம்ம மருமவளுக்கும் குடுக்கணும், மாமா. அவளுக்கும் காலு வீங்குது, நான் பாத்தேன்" என்றாள் மாடத்தி. "என் பேரச் சொல்லி ஒரு வில்லையும் மாறக் கூடாது. நானே செத்தாலும் சரி."

"எதுக்கு மதினி அந்த வார்த்தை?" என்றாள் எஸ்தர். "நீங்க செத்தா அண்ணாச்சி அடுத்த மாசமே எவளையாவது கூட்டிட்டு வந்துருவாரு. அந்த நெனப்புக்கே இருந்து தொலைங்க."

எல்லோரும் சிரித்தோம். அப்படியே முடிவாகிவிட்டது.

*

அந்த நாட்களைப் பற்றி எழுதும்போது இப்போதும் எனக்குக் காதில் டொக் என்ற சத்தம் கேட்கிறது. விடியுமுன் வரிசையில் நிற்போம். மாடத்தி எனக்கு முன்னால் நிற்பாள். அவள் உள்ளங்கையை வைப்பாள். பெட்டி ஒரு நொடி தாமதிக்கும். நான் சாமி கும்பிட மறந்துவிட்டேன். பெட்டியைத்தான் கும்பிட்டேன்.

முதல் நாள் வெள்ளை. அடுத்த நாளும் வெள்ளை. அப்படியே அந்த வாரம் ஓடியது. காலையில் எழுந்ததும் அவள் கணுக்காலைப் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பேன். குழி விழும். குழி மேலெழும் வரை நான் மூச்சு விடமாட்டேன். அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட நேரம் எடுத்தது. முகம் உப்பிக் கண் சிறுத்துவிட்டது. "அழகாயிட்டேம்ல?" என்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

பாத்தியில் பேச்சு குறைந்தது. நீலம் விழுந்தவர்கள் யார் முகத்தையும் பார்க்காமல் கொட்டகைக்குள் போனார்கள், திருடப் போகிறவர்கள் மாதிரி. தூக்குவாளியை எங்கே வைப்பது என்பதே பெரும்பாடாகிவிட்டது. யார் பலகைக்குப் பக்கத்தில் வைத்தாலும் கேட்பதுபோல் ஆகிவிடும். கேட்டால் மறுக்க மனசு வராது. கொடுத்தால் கம்பு வளைந்துவிடும். அதனால் எல்லோரும் தூக்குவாளிகளைத் தூரத்தில் வரப்பு மூலையில் மொத்தமாக வைத்துவிட்டோம். தண்ணீர் குடிக்க அவ்வளவு தூரம் நடக்க வேண்டும்.

எஸ்தர் மட்டும் அங்கே வைக்கவில்லை. இடுப்புத் துணியில் முடிந்து தொங்கவிட்டுக்கொண்டே வாரினாள். அது ஒவ்வொரு இழுப்புக்கும் தொடையில் இடித்தது.

"ஏட்டி, அத எறக்கித்தான் வையேன்" என்றேன்.

"கீழ வச்சா எவளாவது நான் நோயாளின்னு நெனச்சிருவா அண்ணாச்சி. என்னைக் கட்டிக்கிட வரிசையில நிக்கானுவ, எல்லாம் ஓடிப்போவான்."

அவள் அப்படித்தான் பேசுவாள் என்று நான் வேலையைப் பார்த்தேன். என் கண்ணெல்லாம் மாடத்தி மேல்தான் இருந்தது. எல்லோர் கண்ணும் அவள்மேல்தான். அவள் பலகையை ஊன்றி நின்றால் நாற்பது பாத்தியிலும் கை நிற்கும்.

இரண்டாம் வாரம் அவளுக்கு நீலம் விழ ஆரம்பித்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு அடுத்தடுத்து. பெட்டிக்குத் திடீரென்று அவள்மேல் பிரியம் வந்ததுபோல் இருந்தது. குழி சீக்கிரம் எழும்பியது. நான் இரவில் தூங்கினேன். சந்தோஷப்படவும் பயமாக இருந்தது, பெட்டி கேட்டுவிடும் என்று.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் அவளுக்கு மறுபடி நீலம். எஸ்தர் பாத்திக்குள் இறங்கும்போது என்னைப் பார்த்து, "அண்ணாச்சி மூஞ்சியில இன்னைக்குத்தான் ரத்தம் ஓடுது. மதினிக்கு நீலமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லா இருக்கட்டும்" என்றாள். குரல் கொஞ்சம் கம்மலாக இருந்தது. உப்புக் காற்றில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்.

உச்சி வெயிலில் மாடத்தி கொட்டகைக்குள் போனாள். அதன் சுவர் கண்ணாடி மாதிரி, உள்ளே இருந்து பாத்திகள் எல்லாம் தெரியும். அவள்தான் முதலில் பார்த்தாள். எஸ்தர் வாருவதை நிறுத்திவிட்டுப் பாத்திக்குள்ளேயே உட்கார்ந்தாள். உப்புத் தண்ணீருக்குள் யாரும் உட்கார மாட்டார்கள், தோலை அரித்துவிடும். மாடத்தி கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். வெளியே சத்தம் கேட்கவில்லை. நாங்கள் கொட்டகையைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டிருந்தோம். அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து கத்திய பிறகுதான் பார்த்தோம்.

எஸ்தரைத் தூக்கும்போது உடம்பு அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி கொதித்தது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. இடுப்பில் தூக்குவாளி அப்படியே முடிச்சோடு இருந்தது. பாதித் தண்ணீர் மிச்சம்.

பொழுது சாயுமுன் ஆஸ்பத்திரியில் அவள் போய்விட்டாள். எங்களுக்குத் தெரிந்த அதே டாக்டர்தான் வெளியே வந்தார். "ரெண்டு கிட்னியும் எப்பவோ போயிருச்சு. எப்படி வேலை செஞ்சா இவ? ஒங்க யார்ட்டயும் சொல்லலையா?"

சொல்லவில்லை. சொல்ல எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி தூக்குவாளியைக் கீழே வைப்பது. அதை நாங்களே மூடிவிட்டோம். மூடாமல் இருந்திருந்தால் அவள் வைத்திருப்பாளா? திரும்பி வரும்போது மாடத்தியிடம் கேட்டேன்.

"தெரியாது" என்றாள். எஸ்தரின் தூக்குவாளி அவள் மடியில் இருந்தது.

மிச்ச நாட்களும் ஒருவரும் வில்லையை மாற்றவில்லை. மாற்றினால் அவள் செத்தது எதற்கென்று ஆகிவிடும்.

*

முடிவைச் சொல்ல ஜெசிந்தா மேடம் நேரில் வந்தார். கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கங்காணி தங்கப்பழம் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். நாங்கள் எதிரே நின்றோம்.

"கருவி இந்தத் தடவை ரொம்ப வலுவா இருந்துச்சு" என்று அவர் ஆரம்பித்தார். "ஒரு வில்லை கூட மாறலை. என் வேலையில இவ்வளவு சுத்தமான கணக்கை நான் பாத்ததே" என்று சொல்லிவந்தவர் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுங்க மேடம்" என்றேன். "எவ்வளவு?"

"ஒரு மணி நேர நிழலுக்கு மைனஸ் முப்பத்தொண்ணு ரூபாய். நிழலால நஷ்டமே இல்லண்ணே. உக்காந்து எழுந்து வந்தவங்க பாத்தியில உப்பு கூடத்தான் இருக்கு."

மாடத்தி அசையவில்லை. "மைனஸ்னா கம்பெனி எனக்குத் தரணுமா?"

"கணக்குப்படி அப்படித்தான். நீங்க உக்காந்தது தொண்ணூத்தஞ்சு மணி நேரம். ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தஞ்சு வரும்."

"எஸ்தருக்கு?"

"பருவத்துல அவங்க உக்காந்தது ஒரே மணி நேரம். முப்பத்தொண்ணு."

"அவ விழுந்த அன்னைக்கு அவ பாத்தியில உப்பு வாராமக் கெடந்துச்சே. அதுவும் இதுல இருக்கா?"

"இருக்குக்கா. அவங்களுக்கு அன்னைக்கு வெள்ளை. அந்த நஷ்டம் வெள்ளைப் பக்கம் ஏறும். அதை எடுத்துட்டாலும் முடிவு மாறாது. முப்பத்தொண்ணு இருபத்தாறாகும், அவ்வளவுதான்."

நான் கழித்துப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பழக்கதோஷம். ஐந்து ரூபாய் வந்தது.

"அந்தப் பணம் எப்ப வரும்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"வராது." அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கடன்னா தொழிலாளி பக்கம் மட்டும்தான் சட்டம் எழுத விடுது. மைனஸ் வந்தா பூஜ்யம்னு எழுதணும். இரு தரப்புக்கும் பாக்கி இல்லைன்னு நீங்க உள்ளங்கை வச்சு ஒத்துக்கிட்டா, உங்க பழைய கடன் அத்தனையும் அழிஞ்சிரும். வைக்கலைன்னா பழைய எண்ணே நிக்கும்."

"இனிமே எல்லாருக்கும் நிழல் உண்டா?" என்று மாடத்தி கேட்டாள்.

"பரிந்துரை பண்ணியிருக்கேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "கம்பெனி குலுக்கலையே தொடரக் கேட்டிருக்காங்க. இவ்வளவு நல்லா நடந்ததால."

ஒருவர் பின் ஒருவராகப் போய்க் கை வைத்தார்கள். நானும் வைத்தேன். காப்பு, பாக்கி இல்லை என்றது, கனிவாக. மாடத்தி கடைசியில் போனாள். அவளுடையது முடிந்ததும் மேடம், "எஸ்தருக்கு ஆள் இல்லை. கூட வேலை பாத்தவங்க ஒருத்தர் வைக்கலாம். நீங்களே வச்சிருங்கக்கா" என்றார்.

மாடத்தி கையை நீட்டவில்லை. சேலைத் தலைப்புக்குள்ளிருந்து எஸ்தரின் தூக்குவாளியை எடுத்தாள். குனிந்து, மேடத்தின் நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் கீழே வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

அப்படி வைத்தால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். எல்லோரும் அந்தத் தூக்குவாளியையே பார்த்தோம்.

மேடம் அதைப் பார்த்தார். காலில் இடிக்கப் போகிறது என்று நினைத்திருப்பார். பக்குவமாகத்தான் எடுத்தார், இரண்டு கையாலும், நாற்காலிக்குப் பின்னால் நகர்த்தி வைத்துவிட்டு, "இங்கக்கா" என்று தட்டைக் காட்டினார்.

மாடத்தி நாற்காலிக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்தாள். பிறகு எஸ்தருக்காகக் கை வைத்தாள். முப்பத்தொரு ரூபாயும் தள்ளுபடியானது.

"பாக்கி இல்லை" என்றது காப்பு.